ஒரு விரற்கடை

அந்த வீட்டில் யாரும் மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை. உப்பு கேட்பதென்றாலும் சண்டைக்குக் கூப்பிடுவது மாதிரிதான் கேட்பார்கள். புதிதாகக் குடிவந்தவர்கள் அடிதடியோ என்று எட்டிப் பார்த்துவிட்டு அசடு வழியத் திரும்பிப் போவார்கள். ஒன்றுமில்லை, சமையலறைச் சுவருக்கு அந்தப் பக்கம் பம்ப் ஹவுஸ். இரவு பகல் ஓடும். அலமாரியில் தட்டுகள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுத்துக்கொண்டே இருக்கும். டீ டம்ளரைத் தரையில் வைத்தால் டீயின் மேல் வட்டம் வட்டமாக அலை எழும். அந்த அலையைப் பார்த்துக்கொண்டு இருபது வருஷத்துக்கு மேல் டீ குடித்திருக்கிறேன். இப்போது எனக்குக் கிடைக்கிற டீயெல்லாம் அசையாமல் செத்த மாதிரி நிற்கிறது.

அது காகித மில். கூழைத் தண்ணீரில் கரைத்து மெஷின் மேல் ஓடவிட்டு, தண்ணீரை வடித்துவிட்டால் மிஞ்சுகிறது காகிதம். ஒரு வண்டி காகிதம் வெளியே போக எத்தனையோ வண்டி தண்ணீர் உள்ளே வர வேண்டும். ஆற்றங்கரைக் கிணற்றிலிருந்து ஆறு மாடி உயரத்து மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றியது ஒரே ஒரு பம்ப். அதைப் பார்த்துக்கொள்கிற ஆளுக்கு அந்த வீடு. வேலை இருக்கிறவரை வீடு; வேலை போனால் வீடும் போகும்.

நான் பக்கத்து ஒர்க் ஷாப்பில் டர்னர். லேத்தில் இரும்பும் வெண்கலமும் கடைவது என் பிழைப்பு. பம்ப்காரரை நான் மாப்ளே என்பேன், அவர் என்னை மச்சான் என்பார். ரத்த சொந்தம் எதுவும் கிடையாது. அவர் சம்சாரம் வந்த முதல் நாளே என்னை "அண்ணே" என்று கூப்பிட்டுவிட்டாள், அன்றிலிருந்து அவள் எனக்குத் தங்கச்சி. மற்ற முறையெல்லாம் அதிலிருந்து தானாக முளைத்தது.

அந்தப் பம்ப் வந்ததே தப்பாக வந்தது. இவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று கணக்குப் போட்டவர், எதற்கும் இருக்கட்டும் என்று கொஞ்சம் கூட்டி எழுதினார். அவருக்கு மேலே இருந்தவர் அதைப் பார்த்து, எதற்கும் இருக்கட்டும் என்று இன்னும் கொஞ்சம் கூட்டினார். வாங்கப் போனவரும் தன் பங்குக்குக் கூட்டினார். விற்றவனிடம் அந்த அளவு இல்லை, அடுத்த பெரிய அளவுதான் இருந்தது. நாலு வாய் தாண்டி வருவதற்குள் ஆட்டுக்குட்டி எருமையாகி வந்து இறங்கியது.

முதல் நாள் வால்வை முழுதாகத் திறந்ததும் ஆம்பியர் காட்டுகிற முள் தொண்ணூறைத் தாண்டிச் சிவப்புக்குள் போய்விட்டது. மோட்டார் சூடேறி நின்றது. மாப்ளேதான் மூளையைச் செலவழித்தார். வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்து, முள்ளை எழுபத்திரண்டுக்கு இறக்கி நிறுத்தினார். தொட்டிக்கு வேண்டிய தண்ணீரும் ஏறியது. கரண்டை மிச்சம் பிடித்த ஆள் என்று பெரிய முதலாளி தன் கையால் ஒரு கைக்கடிகாரம் கொடுத்தார். அன்றைக்கே வால்வுச் சக்கரத்துக்குச் சங்கிலி போட்டுப் பூட்டினார் மாப்ளே. சாவி அவர் இடுப்பில். "என் வால்வு" என்றுதான் சொல்வார், என் பொண்டாட்டி என்கிற மாதிரி.

நானும் நம்பினேன். குழாயைப் பாதி மூடினால் செலவும் பாதி. வேறெப்படி இருக்க முடியும்?

அவர்களுக்கு ஒரே பெண். பம்ப் ஹவுஸ் தரையில் தவழ்ந்து, கிரீஸ் டப்பாவை உருட்டி விளையாடி வளர்ந்தவள். வெளியூர் போய் இஞ்சினீயரிங் படித்தாள். படித்து முடித்ததும் மில்களுக்குப் போய்க் கரண்ட் எங்கே வீணாகிறது என்று அளந்து சொல்கிற ஒரு கம்பெனியில் சேர்ந்தாள். இந்த மாதிரி ஆட்களைக் கண்டால் எனக்கு ஆகாது. பெட்டியோடு வருவார்கள், டீ குடிப்பார்கள், விளக்கை மாற்று என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அந்தக் கோடையில் எங்கள் மில்லுக்கு வந்த பெட்டிக்காரர்களில் இவளும் ஒருத்தி.

வெயில் என்றால் அப்படி வெயில். தகரக் கூரை படபடவென்று வெடித்தது. பம்ப் ஹவுஸ் மட்டும்தான் குளிர்ச்சி, அதனால் சாப்பாட்டு நேரத்தில் நான் அங்கேதான் கிடப்பேன். அன்றைக்கும் கிடந்தேன்.

"அப்பா, சாவி குடு," என்றாள் பெண்.

"எதுக்கு?"

"வால்வை ஒரு நிமிஷம் முழுசா மூடணும். கேஜைப் பாத்துட்டுத் திரும்ப உன் இடத்துக்கே கொண்டாந்து விட்டுடறேன்."

"எத்தனை சுத்துன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியாது. நீயே மூடு. நீயே திற."

மாப்ளே என்னைப் பார்த்தார். "பாத்தியா மச்சான், பெத்த பொண்ணு வந்து என் இடுப்புச் சாவியைக் கேக்குது."

"குடுத்துத் தொலை மாப்ளே. பாங்கிச் சாவியா அது?" என்றேன்.

மூடினார். தண்ணீரின் அழுத்தம் காட்டுகிற கேஜின் முள் ஆறு கிலோவில் போய் நின்றது. அவள் சின்ன நோட்டில் எழுதிக்கொண்டாள். திரும்பத் திறந்தார், வாய்க்குள் எண்ணிக்கொண்டே. அதன் பிறகு அவள் வால்வுக்கு முன்னால் ஒரு கேஜ், பின்னால் ஒரு கேஜ் மாட்டினாள். மூன்று நாள் குழாய்க்கு அடியில் படுத்துக் கிடந்தாள். சட்டை முதுகெல்லாம் துரு. மூன்றாம் நாள் எங்களைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"வால்வுக்கு முன்னாடி அஞ்சு கிலோ. பின்னாடி மூணரை."

"அதனால?" என்றார் மாப்ளே.

"மேல போறதுக்கு மூணரையே போதும்பா. மிச்சம் ஒன்றரை இந்த வால்வுக்குள்ள முட்டி மோதியே செத்துப்போகுது. அதுக்கும் சேத்துதான் மோட்டார் கரண்ட் குடிக்குது. இந்த உறுமல் இருக்கே, அது அந்த ஒன்றரை கிலோ சாகுற சத்தம்."

"உறுமுனாத்தான் பம்ப் ஓடுதுன்னு அர்த்தம்."

"ஒரு காலால வண்டியை முழு வேகத்துக்கு முடுக்கிட்டு இன்னொரு காலால பிரேக்கை மிதிச்சுக்கிட்டே ஓட்டினா எப்படி இருக்கும்?"

"நான் வண்டியே ஓட்டினதில்லை."

"பிரேக் மிதிச்சதுக்குத்தான்பா உனக்குக் கடிகாரம் குடுத்திருக்காங்க."

சொன்னவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.  மாப்ளே கந்தையை எடுத்து, சுத்தமாக இருந்த பேரிங் மூடியைத் துடைத்தார். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தார்.

"சரி, அதுக்கு என்ன வைத்தியம்?" என்று நான்தான் கேட்டேன்.

பம்புக்குள் ஒரு வெண்கலச் சக்கரம் இருக்கும். இம்பெல்லர் என்பார்கள். அது சுற்றித்தான் தண்ணீரை வீசி எறிகிறது. சக்கரம் பெரிதானால் வீச்சும் பெரிது. அதைக் கடைந்து சின்னதாக்க வேண்டும் என்றாள். முன்னூற்று முப்பது மில்லி விட்டம் இருப்பதை இருநூற்றுத் தொண்ணூறுக்குக் கொண்டுவந்தால் வால்வை முழுதாகத் திறந்துவிடலாம். அதே தண்ணீர் ஏறும், எழுபத்திரண்டு ஆம்பியர் ஐம்பதுக்கு வந்து நிற்கும்.

"வெட்டினது பத்தலைன்னா?" என்றேன்.

"பத்தும் மாமா."

"பத்தலைன்னா?"

"திரும்ப ஒட்ட முடியாது. தெரியும்."

வேறு சக்கரமும் கிடையாது. அந்தப் பம்ப் செய்த ஃபாக்டரி என்றைக்கோ மூடிவிட்டது.

மேனேஜர் கெட்டிக்காரர். கரண்ட் குறைய வேண்டும், பழி மட்டும் தன் மேல் வரக்கூடாது. எழுபத்திரண்டில் கால்வாசியாவது குறைய வேண்டும், அதாவது ஐம்பத்து நாலைத் தாண்டக்கூடாது, மேல்தொட்டியும் வற்றக்கூடாது என்று ஒரு தாளில் எழுதினார். இரண்டில் எது தவறினாலும் பம்ப் ஆபரேட்டர் பொறுப்பு. கீழே மாப்ளே கையெழுத்துப் போட வேண்டும். "உங்க பொண்ணு யோசனை. நீங்களே நம்பலைன்னா நான் எப்படிங்க நம்புறது?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாராம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்தத் தாள் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் கிடந்தது. பருப்பும் அவரைக்காயும். நானும் இருந்தேன்; ஞாயிற்றுக்கிழமை எனக்கு அங்கேதான் சோறு.

"கையெழுத்துப் போடாதீங்க," என்றாள் தங்கச்சி. கரண்டியைக் கீழே வைக்கவில்லை. "முன்னாடி இந்த வீட்டுல இருந்தவரு என்ன ஆனாரு? ஒரே ஒரு நாள், பழைய பம்பு நின்னு மேல தொட்டி வத்திப் போச்சு. மெஷின்ல காகிதம் கிழிஞ்சு நின்னுது. மறுநாள் சாமானை வண்டியில ஏத்துனாங்க. அந்தம்மா கைக்குழந்தையோட அதோ அந்த மரத்தடியில நின்னுச்சு. நான் என் மூட்டையோட இந்தப் பக்கம் நிக்கிறேன், எப்ப காலி பண்ணுவாங்கன்னு. அவங்க அடுப்புச் சூடு ஆறல, அதுலயே நான் உலை வெச்சேன்."

"அம்மா, தொட்டி வத்தாதும்மா," என்றாள் பெண்.

"உனக்கு என்னடி, பெட்டியைத் தூக்கிட்டு அடுத்த மில்லுக்குப் போயிடுவே."

"எங்க ஆபீசுலயும் அதைத்தான் சொன்னாங்க. பம்பைத் தொடாதே, விளக்கை மட்டும் எழுதிட்டு வான்னாங்க. விளக்கை மாத்தினா மிச்சம் ஒரு கைப்பிடி. பம்புதான்மா மூட்டை. அதை விட்டுட்டு வர எனக்கு மனசு வரலை."

மாப்ளே சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு கையைக் கழுவிவிட்டு வந்து பேனா கேட்டார்.

"நம்பிட்டீங்களா?" என்றாள் தங்கச்சி.

"நம்பலை. நம்பித்தான் எல்லாம் செஞ்சேனா? உன்னைக் கட்டினப்ப நம்பியா கட்டினேன்?"

"அடடா, நான் மட்டும் நம்பி வந்தேன் பாருங்க!"

"மூணு நாள் குழாய்க்கு அடியில படுத்துக் கிடந்தா இவ. இந்த மில்லுல எந்த இஞ்சினீயரும் அங்க குனிஞ்சுகூடப் பாத்ததில்லை. அதுக்குப் போடறேன்." போட்டார். எழுத்துக் கூட்டி, ஆணி அடிக்கிற மாதிரி அழுத்திப் போட்டார்.

மறுநாள் காலை பம்பை நிறுத்தி, கழற்றி, சக்கரத்தை என் லேத்துக்குக் கொண்டுவந்தார்கள். அரை நாள்தான் அவகாசம். தொட்டியில் இருக்கிற தண்ணீர் அதுவரைதான் தாங்கும். பெண் அளவை ஒரு சீட்டில் எழுதி என் கையில் கொடுத்துவிட்டு, அப்பாவுக்கு உதவியாகப் பம்ப் ஹவுஸுக்குப் போனாள்.

அவள் போனதும் தங்கச்சி வந்தாள். இருபத்திரண்டு வருஷத்தில் ஒர்க் ஷாப் வாசலை மிதிக்காதவள். கை ஈரத்தைப் புடவையில் துடைத்துக்கொண்டே சுற்றிலும் பார்த்தாள்.

"அண்ணே."

"என்னம்மா, இங்க எங்க வந்தே?"

"இதானா அது?" சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தாள். "இம்மாந்தான் இருக்கு. இதுக்கா இவ்வளவு கூச்சல்."

"சொல்ல வந்ததைச் சொல்லு."

"பாத்து வெட்டுங்கண்ணே. கொஞ்சம் விட்டு வெட்டுங்க. ஒரு விரற்கடை. பத்தலைன்னா நாளைக்கு வெட்டிக்கலாம். வெட்டிட்டா ஒட்டாதே."

"அளவு எழுதிக் குடுத்திருக்கு."

"அவ சின்னப் பொண்ணு, அண்ணே. வீடு என்னுது."

உண்மையைச் சொன்னால், அவள் வராவிட்டாலும் நான் விட்டிருப்பேன். நாற்பது வருஷம் லேத்தில் நின்றவனுக்குக் கொடுத்த அளவை முழுதாக எடுக்க மனசு வராது. எதற்கும் இருக்கட்டும் என்று கை தானாக நிற்கும். ஆனாலும் அவள் சொன்னதும் எனக்கு ஒரு சாக்குக் கிடைத்தது.

சக்கரத்தை மாட்டி ஓடவிட்டேன். ஓரத்து வெண்கலம் சுருள் சுருளாக விழுந்தது, உள்ளே தண்ணீரை எறிகிற இலைத் தகடுகள் வருகிற இடத்தில் டக் டக்கென்று உளியில் இடித்தது. பொன் நிறத்தில் காலடியில் குவிந்தது. முன்னூற்று இரண்டில் நிறுத்தினேன். பன்னிரண்டு மில்லி பாக்கி. சுண்டுவிரல் அகலம். இரண்டு கத்தி முனை மேல் வைத்து உருட்டி, எந்தப் பக்கமும் கனம் சாயாதபடி பார்த்து, எண்ணெய் துடைத்துக் கொடுத்தேன். "இருநூத்தித் தொண்ணூறா மாமா?" என்று கேட்டாள் பெண். "ம்," என்றேன். அவள் அளந்து பார்க்கவில்லை. என் கையை அவள் சின்ன வயதிலிருந்து அறிவாள்.

பம்ப் ஓடியது. சத்தம் மாறிவிட்டது, உறுமல் தணிந்து ஒரு முனகல். மாப்ளே சங்கிலியைக் கழற்றி வால்வை முழுதாகத் திறந்தார். முள் அறுபதைத் தாண்டிப் போனது. தேவைக்கு மேல் தண்ணீர் ஏறியது. பழையபடி கொஞ்சம் அடைத்தார். ஐம்பத்தாறில் நின்றது. அதற்குக் கீழே இறங்கவில்லை.

மேனேஜர் முள்ளுக்கு மூக்கு வைத்துப் பார்த்தார். "அம்பதுன்னு சொன்னீங்க. நான் அம்பத்து நாலுன்னு எழுதினேன். இது அம்பத்தாறு." கையெழுத்துப் போட்ட தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "வெள்ளிக்கிழமை பேசுவோம்."

மாப்ளே மகளை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "போய்ச் சாப்பிடு," என்று மட்டும் சொன்னார். அவள் போகவில்லை. வால்வை ஒரு நிமிஷம் முழுதாக மூடச் சொன்னாள். கேஜைப் பார்த்தாள், நோட்டைப் பார்த்தாள். பெருக்கினாள், வகுத்தாள். பிறகு நேராக என் லேத்துக்கு வந்தாள்.

"மாமா, எவ்வளவு விட்டீங்க?"

"எதை?"

"வால்வை மூடினா முன்னாடி ஆறு கிலோ இருந்தது. இருநூத்தித் தொண்ணூறா இருந்தா இப்ப நாலு புள்ளி ஆறுதான் வரணும். அஞ்சு வருது. அப்படின்னா சக்கரம் முன்னூத்தி ஒண்ணு, முன்னூத்தி ரெண்டு இருக்கணும்."

 இரும்புப் பெட்டிக்குள் மூடி, போல்ட் போட்டு முறுக்கி, தண்ணீருக்குள் சுற்றுகிற சக்கரம். அதை வெளியே நின்றுகொண்டு ஒரு முள்ளை வைத்து அளந்துவிட்டாள். நான் ஆயுசு முழுக்க மீட்டரை நம்பாதவன். அந்த மீட்டர் என் கையைப் பிடித்துவிட்டது.

"ரெண்டு," என்றேன். "முன்னூத்தி ரெண்டு."

"ஏன் மாமா?"

காலடியில் கிடந்த வெண்கலச் சுருளை ஒதுக்கினேன்.  அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். அப்பாகிட்ட நீங்களே சொல்லிடுங்க," என்று போய்விட்டாள்.

சாயங்காலம் அந்த வீட்டுக்குப் போனேன். மாப்ளே கூடத்தில் உட்கார்ந்து, கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பெண் ஜன்னல் ஓரம். தங்கச்சி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"மாப்ளே, தப்பு என்னுது. பன்னிரண்டு மில்லி விட்டுட்டேன்."

அவர் நிமிர்ந்தார். "ஏன்?"

"பயந்துட்டேன்."

"நீ ஏன்யா பயப்படறே? கையெழுத்துப் போட்டவன் நான்!" எழுந்துவிட்டார். "அவ சொன்னது பொய்யாப் போச்சேன்னு நான் இங்க உள்ளுக்குள்ள வெந்துக்கிட்டிருக்கேன். நீ விட்டேன்னு சாவகாசமா வந்து சொல்றே. என் பொண்ணை மேனேஜர் முன்னாடி பொய்க்காரி ஆக்கிட்டியேய்யா. மச்சானாம் மச்சான்!"

"உன் வீடு போகக்கூடாதுன்னுதான்..."

"என் வீட்டைப் பத்தி உன்னை எவன் கேட்டான்?"

"நான் கேட்டேன்," என்றாள் தங்கச்சி.

கீரைக்கட்டு மடியில் கிடந்தது. தலை நிமிரவில்லை. "நான்தான் போயி ஒரு விரற்கடை விடச் சொன்னேன். அவரை ஏன் வையறீங்க, என்னை வையுங்க."

பம்ப் மட்டும் முனகிக்கொண்டிருந்தது. பெண் ஜன்னலை விட்டு வந்து அம்மாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"என்னை நம்பலையாம்மா?"

"நம்புறதுக்கு எனக்கு என்னடி தெரியும்? உன் கேஜு, கிலோ எதாவது தெரியுமா? மரத்தடியில நின்னாளே அவ முகம்தான் தெரியும்."

"மூணு நாள் தூக்கமில்லாம கணக்குப் போட்டேன்."

"நானும்தான் தூங்கலை. ஆனா உனக்கு நோட்டு இருந்தது."

 பெண் கீரைக்கட்டில் பாதியை எடுத்துத் தானும் ஆயத் தொடங்கினாள்.  நல்ல இலையும் பழுத்த இலையும் ஒரே குவியலில் விழுந்தன.

மறுநாள் காலை மாப்ளே மேனேஜர் அறைக்குப் போனார். துணைக்கு நானும் போனேன், அடி விழுந்தால் பங்கு வாங்க. இன்னொரு அரை நாள் பம்பை நிறுத்த வேண்டும் என்றதும் மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"முதல் தடவை வெட்டினதே தேறலை. இன்னும் வெட்டினா தொட்டி காலியாயிடும்யா. உங்க பொண்ணுன்னு பாக்குறீங்க."

"சார், நான் கையெழுத்துப் போட்டது இருநூத்தித் தொண்ணூறுக்கு. உள்ள இருக்கிறது முன்னூத்தி ரெண்டு. அதுக்கு நான் போடலை. என் கையெழுத்துக்கு உண்டான வேலையை முடிச்சுக் குடுங்க. அப்புறமும் தவறினா வீட்டுச் சாவியை நானே கொண்டாந்து இந்த மேஜையில வெக்கிறேன்."

"ஏன் முன்னூத்தி ரெண்டு?"

"பழைய கை சார், நடுங்கிடுச்சு," என்றேன். மேனேஜர் என்னை மேலும் கீழும் பார்த்தார். புதன்கிழமை அரை நாள் கொடுத்தார். மாப்ளே வெளியே வந்ததும், "நாளைக்கு நடுங்கினா உன் கையை நான் பிடிச்சுக்கறேன்," என்றார். நேற்றுச் சாயங்காலத்துச் சண்டைக்குப் பிறகு அவர் என்னோடு பேசிய முதல் பேச்சு.

புதன்கிழமை லேத்துக்கு முன்னால் நாங்கள் நாலு பேர். தங்கச்சி தானாகத்தான் வந்தாள். யாரும் கூப்பிடவில்லை.

உளியைச் சக்கரத்தோடு ஒட்டவைத்தேன். முன்னூறு. இருநூற்றுத் தொண்ணூற்றாறு. துருவல் பறந்து அவள் புடவையில் ஒட்டியது, தட்டிவிடவில்லை. இருநூற்றுத் தொண்ணூற்று மூன்றில் என் கை தானாக நின்றது. சத்தியமாக நான் நிறுத்தவில்லை, அது நின்றது.

"இன்னும் எவ்வளவு இருக்கு?" என்றாள் தங்கச்சி.

"மூணு மில்லி."

அவள் மகளைப் பார்த்தாள். மகள் வாயைத் திறக்கவில்லை, தலையைக்கூட ஆட்டவில்லை. 'நீயே சொல்லு' என்கிற மாதிரி நின்றாள்.

"வெட்டுங்கண்ணே," என்றாள் தங்கச்சி.  "மிச்சம் வெக்காம வெட்டுங்க."

வெட்டினேன். இந்த முறை பெண் தானே அளந்தாள். இருநூற்றுத் தொண்ணூறு.

பம்பை மாட்டி முடிக்கும்போது தொட்டியில் முழங்கால் அளவுத் தண்ணீர்தான் மிச்சம். மாப்ளே சுவிட்சைப் போட்டார். வால்வைத் திறந்தார். சுற்றிக்கொண்டே இருந்தார், அது போய்த் தட்டி நிற்கிறவரை. அந்த வால்வுச் சக்கரம் அவ்வளவு தூரம் சுற்றி நின்றதை நான் பார்த்ததேயில்லை. முள் ஏறி, ஆடி, ஐம்பத்தொன்றில் நின்றது. யாரும் அதைப் பார்த்துச் சந்தோஷப்படவில்லை. எல்லோரும் வெளியே ஓடி அண்ணாந்து நின்றோம். முள் இறங்கிவிட்டது சரி, தண்ணீர் ஏறுகிறதா?

தொட்டி நிரம்பினால் ஓரத்துக் குழாய் வழியாகக் கொஞ்சம் வழியும். அதுதான் அடையாளம். வெயிலில் நின்றோம். மேனேஜர் குடையோடு வந்து நின்றார். ஒரு மணி நேரம். இரண்டு. மூன்று. மாப்ளே உதடு வெடித்திருந்தது. தங்கச்சி மகளின் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். அந்தப் பிடியில் ஆறுதலைவிட மிரட்டல்தான் அதிகம் தெரிந்தது.

ஒரு சொட்டு விழுந்தது. பிறகு நூல் மாதிரி ஒழுகியது. பிறகு சடசடவென்று ஆறு மாடி உயரத்திலிருந்து கொட்டி மேனேஜர் குடையில் இடித்தது.

"ஏறிடுச்சு!" என்று கத்தினாள் தங்கச்சி. மகளை முதுகில் ஓங்கி ஒரு அறை விட்டாள். "ஏறிடுச்சுடி!"

"அடிக்காதேம்மா, வலிக்குது!"

மேனேஜர் கையெழுத்துத் தாளைப் பையிலிருந்து எடுத்து மாப்ளேயிடமே திருப்பிக் கொடுத்தார். மாப்ளே அதை நாலாகக் கிழித்து என் சட்டைப்பையில் திணித்தார். "இந்தா, நீயே வெச்சுக்கோ. உன்னாலதான் இது ரெண்டு நாள் என் தலைக்கு மேல தொங்குச்சு."

பெண் ஊருக்குக் கிளம்புவதற்கு முன் அறிக்கை எழுதி முடித்தாள். எனக்கு எண்ணைத் தவிரப் படிக்க வராது, மாப்ளே எழுத்துக் கூட்டுவதற்குள் விடிந்துவிடும். அதனால் அவளே படித்துக் காட்டினாள். ஆம்பியர், கிலோ, விட்டம் என்று ஓடியது. நடுவில் ஒரு வரி வந்தது.

"முதல் கடைசலில் பன்னிரண்டு மில்லிமீட்டர் விடப்பட்டது. காரணம்: பயம்."

"இதையெல்லாமா எழுதுவாங்க?" என்றார் மாப்ளே.

"நடந்ததை எழுதணும்பா. அடுத்த மில்லுல வெட்டறவங்களுக்குத் தெரியணும்."

"யார் பயம்னு எழுதலையா?" என்று கேட்டாள் தங்கச்சி.

"வேண்டாம்மா. அது எதுக்கு."

"எழுதுடி. இவரு கையெழுத்து எத்தனையோ தாள்ல இருக்கு. அண்ணன் கைவேலை மில்லு பூரா இருக்கு. நான் சொல்லி இந்த மில்லுல நடந்தது இது ஒண்ணுதான். எழுது."

 பெண் பேனாவை எடுத்து, இடுக்கில், சின்ன எழுத்தில் எழுதினாள்.

"என்ன எழுதினே? படி."

"பம்ப் ஆபரேட்டரின் மனைவி கேட்டுக்கொண்டதன் பேரில்."

"என்னையும் சேத்துக்கோ," என்றேன்.

"இடமில்லை மாமா."

தங்கச்சி தாளை வாங்கி, அந்த வரி எது என்று கேட்டு, அதன் மேல் விரலை வைத்துப் பார்த்தாள். தப்புக் காரியம்தான் அங்கே எழுதியிருந்தது. ஆனாலும் அவள் முகத்தில் அப்படி ஒரு நிறைவு.

"இன்னொரு தடவை படி," என்றாள்.